ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பத்திரம்

இருளப்பசாமிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான். ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடக்க வேண்டும்.

பேராசை இல்லை. ராஜபாளையத்து வீட்டில் கட்டில் இருக்கிறது. மேலே ஃபேன் இருக்கிறது, அது ஓடவும் செய்கிறது. கிடக்கத்தான் ஆள் இல்லை. ஆள் ஞாயிறு விடியுமுன் மம்சாபுரம் பஸ்ஸில் இருப்பார். அது அவர் மனைவி பாண்டீஸ்வரி பிறந்த ஊர். அங்கே மச்சினன் சோலைராஜ் தெருவையே கூட்டி உட்கார வைத்திருப்பான். பட்டாவுக்கு ஒரு மனு, பென்ஷனுக்கு ஒரு மனு, பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் ஒரு மனு. வாரமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையும் எழுதினார். கூலி ஒரு டம்ளர் காப்பி. அதிலும் சீனி கம்மி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனுக்குள் ஒருவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி முழங்கினார். “லட்சியத்தை எழுதுங்கள்! தினமும் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்! எழுதியவன் எவனும் தோற்றதில்லை!”

இருளப்பசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் தனக்கென்று ஒரு வரி எழுதவில்லையே!

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதும் தன் மேசைக்கு முன் உட்கார்ந்தார். ‘ஞாயிற்றுக்கிழமை படுத்திருப்பேன்’ என்று எழுதினால் முடிந்தது. ஆனால் கை கேட்கவில்லை. எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்று தெரியாமல் அந்தப் பேனா நகர்ந்து பழக்கமில்லை. கடைசியில் இப்படி நகர்ந்தது:

‘இருளப்பசாமி அவர்களுக்கு, மேற்படியார் மனைவி பாண்டீஸ்வரி ஆகிய நான் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்த பத்திரம் என்னவென்றால், எனக்குப் பாத்தியப்பட்டு, கல்யாணமான நாள் முதல் என் அனுபவத்தில் இருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையை, இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய்ப் படுத்து அனுபவித்துக் கொள்ள வேண்டியது. நான்கு எல்லைகள்: சனிக்கிழமை ராத்திரிக்குக் கிழக்கு, திங்கட்கிழமை காலைக்கு மேற்கு, இட்லிக்குத் தெற்கு, கறிக்குழம்புக்கு வடக்கு.’

கீழே ‘எழுதியவர்’ என்று கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். அடுத்த மேசையில் பத்திரம் எழுதும் ஹரிகிருஷ்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தயங்கினார்.

“அண்ணாச்சி, மதினி இதுல கையெழுத்துப் போடுவாகளா?”

“போடாம எங்க போவா?”

சாயங்காலம் வீட்டில் பாண்டீஸ்வரியிடம் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“ஏட்டி, இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“என்னதுங்க இது?”

“என் லட்சியம். எழுதி வச்சா நடக்குமாம்.”

பாண்டீஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தாள். கோபமே வரவில்லை. இருளப்பசாமிக்கு அதுதான் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கெழம எனக்குப் பாத்தியப்பட்டதுன்னு எழுதிருக்கீய?”

“பொறவு? இல்லாத சொத்த எப்படி எழுதிக் குடுப்ப?”

“அப்ப சொத்து என்னுதுதான்?”

“சந்தேகமே வேண்டாம்.”

“நீங்க எழுதுனதுதான?”

“சீலு குத்திருக்கேன் பாரு. கோர்ட்டுக்கே போனாலும் நிக்கும்.”

“நான் கையெழுத்துப் போடலைன்னா?”

“குடுக்கிறவ போடாட்டி சொத்து கைமாறாது. அது ஒங்கிட்டயேதான்…”

இருளப்பசாமி பாதியில் நிறுத்தினார். நாக்கைக் கடித்தும் பிரயோசனமில்லை. பாண்டீஸ்வரி பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினாள்.

“சோலைராஜு போன வாரம் சொன்னான், ‘மாமாவ வாராவாரம் இழுத்துட்டு வாரியேக்கா, பாவம்லா’ன்னு. எனக்கும் மனசு கேக்கல. நாளைக்கு ஒங்கள விட்டுட்டு நான் மட்டும் போவோம்னு இருந்தேன்.”

“அப்படியே போயேன் பாண்டி!” இருளப்பசாமி கெஞ்சினார்.

“இம்புட்டு நாளா எந்த உரிமையில இவரக் கூப்பிடுதோம்னு எனக்கே ஒரு கூச்சம். நல்லவேள, பக்காவா எழுதிக் குடுத்துட்டீய.”

இருட்டுமுன் ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தாள். செல்போனுக்குள் முழங்கியவர் சொன்ன மாதிரியே, கட்டிலில் படுத்தால் நேராகத் தெரியும்படி ஆணி அடித்து மாட்டினாள்.

இப்போது இருளப்பசாமியின் லட்சியம் அவர் கண்ணில் தினமும் படுகிறது, ஞாயிற்றுக்கிழமை தவிர.