ஆறாம் புத்தகத்தில் முருகேசன் செத்த கதை

படிக்காமல் பரீட்சைக்குப் போனால் நாம் ஃபெயில் ஆவோம். படிக்காமல் கதை சொல்லப் போனால் அடுத்தவன் சாவான். இதை நான் திருமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கற்றுக்கொண்டேன்.

கல்லூரி நாளிலிருந்து நாங்கள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஒரு சாகச விளையாட்டு ஆடிவந்தோம். ஆளுக்கொரு வீரன், அவனுக்கு எங்கள் சொந்தப் பெயரே (கற்பனை வளம் அவ்வளவுதான்). கதை சொல்லும் பொறுப்பு எனக்கு. ஆட்டத்தை வளர்க்க அவ்வப்போது துணைப் புத்தகங்கள் வரும். முதலாவது என்ன புத்தகம்! ஊருக்கு ஊர் வரைபடம், படகோட்டிக்குக்கூட ஒரு பழைய பகை. மூன்றாவதில் படம் பெருத்துக் கதை இளைத்தது. ஆறாவது பளபள அட்டை, உள்ளே வெறும் அட்டவணை. அது தெரிய நான் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டுமே!

அன்று எங்களில் ஒருவனான முருகேசன் துபாய் கிளம்பும் நாள். நாலு மணிக்குக் கார். அதற்குள் கடைசியாக ஓர் ஆட்டம். எட்டு வருடம் சாகாத அவன் வீரனுக்கு முடிசூட்டி அனுப்புவதாக என் திட்டம். புதுப் புத்தகத்தை அவன் வீட்டில்தான் பிரித்தேன். வீரன் ஆற்றில் இறங்கினான். பகடையில் மூன்று. அட்டவணையைப் பார்த்துக் கணீரென்று சொன்னேன்: "முருகேசன் வழுக்கி விழுந்து செத்தான்!"

காபியோடு வந்த அவன் அம்மா அப்படியே நின்றுவிட்டார். விளையாட்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்டாலே பொறுக்காதவர்.

"ஏப்பா, ஊருக்குக் கெளம்புற புள்ளய எந்த வாயால செத்தான்னு சொன்னே? அவன எந்திரிக்க வையி. அதுவரைக்கும் இவன் வாசப்படி தாண்ட மாட்டான்."

"புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டிருக்கு..."

ஆறாவதில் பிழைக்க வழியே இல்லை. முதல் புத்தகத்தில் ஒரு வைத்தியச்சி உண்டு. மூன்று வாய்ப்புக்குள் ஆறு விழுந்தால் உயிர் கொடுப்பாள். "இங்கிட்டுக் குடு" என்று அம்மாவே பகடையை வாங்கினார். இரண்டு. நாலு. அடுத்து ஒன்று விழவும், "தாயம்!" என்று கை தட்டினார். எங்கள் ஆட்டத்தில் ஒன்றைவிடக் கேவலமான எண் கிடையாது. முருகேசன்தான் சொல்லித் தொலைத்தான்.

வெளியே கார் ஹாரன். விமானம் போனால் வேலையும் போச்சு. அவனுக்குக் கண் கலங்கியது.

"எங்க போட்டிருக்கு? காட்டு" என்றார் அம்மா. காட்டினேன். காலண்டரோடு தொங்கிய பேனாவை எடுத்து, அந்த இங்கிலீஷ் வரியை அடித்துவிட்டு மேலே தமிழில் எழுதினார். "இப்ப வாசி."

எழுந்து நின்று வாசித்தேன்: "முருகேசன் எந்திரிச்சு வந்துட்டான்."

அதன்பிறகே மகனுக்குத் திருநீறு பூசி அனுப்பினார்.

இப்போது பத்தாம் புத்தகம் வந்துவிட்டது. அட்டை இன்னும் பளபளக்கிறது. அந்த மேசைக்காக எனக்கு இன்றும் மனசு ஏங்குகிறது. முருகேசன் லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் வழியனுப்பப் போவேன். "என்னப்பா, இன்னைக்காவது படிச்சுட்டு வந்தியா?" என்பார் அம்மா. வீடே சிரிக்கும். பிறகு ஆறாம் புத்தகத்தை எடுத்துவந்து, அந்த வரியை என்னை வாசிக்கவைத்துத்தான் மகனை அனுப்புவார். அந்தப் புத்தகத்தில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.