எண் பத்து: சண்டை, சனிக்கிழமை மாலை ஆறு மணி

மனித குலத்துக்குக் கிரேக்கர்கள் கொடுத்தவை மூன்று என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன: தத்துவம், நாடகம், மக்களாட்சி. நான்காவதைக் கொடுத்தது பெத்ரூசா தீவின் ஊராட்சி மன்றம். 'பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை' என்ற பட்டியல்தான் அது. முதல் மூன்றும் உருவாகச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. நான்காவது ஒரே கூட்டத்தில், யாரும் யாரையும் அடிக்காமல், உருவாகிவிட்டது. இவற்றில் எது பெரிய சாதனை என்பதைப் பெத்ரூசாவின் கூட்டங்களைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

பட்டியலுக்குக் காரணம் ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு கடிதம். 'தீவுகள் மேன்மை இயக்ககம்' என்ற அலுவலகம், மிகுந்த கருணையோடு, நாட்டின் தீவுகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தது. பத்துக்குக் குறையாத காட்சிகள் உள்ள தீவு 'சேருமிடம்'. குறைந்தால் வெறும் 'வசிப்பிடம்'. சேருமிடங்களுக்குக் குளிர்காலம் முழுவதும் வாரந்தோறும் கப்பல் வரும். வசிப்பிடங்களுக்கு மாதம் ஒரு முறை, அதுவும் காற்று மனம் வைத்தால். ஒரு தீவில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதற்காகவெல்லாம் அரசாங்கம் கப்பல் விட முடியாது என்ற நியாயத்தை யார் மறுக்க முடியும்? மனிதர்கள் எங்கே வேண்டுமானாலும் வசித்துவிடுவார்கள்.

ஊராட்சித் தலைவர் பெரிக்லிஸ் மூன்று தலைமுறையாகக் கப்பல் கயிறு விற்ற குடும்பம். இருக்கும் சரக்கை இரண்டாக விரித்துக் காட்டுவது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. தீவில் கடற்கரை ஒன்றுதான். நடுவில் ஒரு பாறை இருந்ததால் இரண்டு என்றார். பாறையையும் சேர்த்து மூன்று. சூரிய உதயம் நான்கு, மறைவு ஐந்து. இரண்டும் ஒரே சூரியன்தானே என்று பாதிரியார் ஆட்சேபித்தார். ஞானஸ்நானத்துக்கும் சவ அடக்கத்துக்கும் வருவது ஒரே ஆள்தானே, நீங்கள் ஒரு காணிக்கையோடு விட்டுவிடுகிறீர்களா என்று தலைவர் விசாரித்ததும் ஆட்சேபணை வாபஸ் ஆயிற்று. இறக்கை இல்லாத காற்றாலை ஆறு. கொடியில் காயும் ஆக்டோபஸ் ஏழு. வறண்டுபோன ஊற்று, 'வரலாற்று நீர்நிலை' என்ற பட்டத்தோடு, எட்டு. துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருப்பது ஒன்பது. அதற்குத் தலைவரே வாசகம் எழுதினார்: 'காலம் உறைந்து நிற்கும் அரிய அனுபவம், குறைந்தது நான்கு மணி நேரம் உறுதி.'

ஒன்பதோடு சரக்கு தீர்ந்தது. அப்போதுதான் மன்றத்தின் ஜன்னல் வழியாக, மேட்டுத் தேவாலயத்திலிருந்து, மருஸா தன் தம்பியைத் திட்டும் சத்தம் கேட்டது. உறுப்பினர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பிறகு பத்தாவது காட்சி ஏகமனதாக நிறைவேறியது.

மருஸாவுக்கு வயது அறுபத்தெட்டு. தம்பி இசிதோரோஸுக்கு அறுபத்து நான்கு. அப்பா விட்டுப்போன குடும்பத் தேவாலயம் ஒன்று இருவருக்கும் பொது: புனித சோசோனின் கோயில், ஒரு படகுக் கொட்டகை அளவு. செப்டம்பர் ஏழாம் தேதி அங்கே விழா. விழாவுக்கு முன் யார் கடைசியாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களோ அவர்களே விழா நடத்தி ஊருக்குச் சோறு போடலாம் என்பது பெத்ரூசாவின் வழக்கம். அந்தப் பெருமைக்காக அக்கா அடித்த சுவரின் மேல் தம்பி அடிப்பார். தம்பி அடித்ததன் மேல் அக்கா அடிப்பாள். இருபத்தேழு வருடங்கள். சுவர் வெளியே பெருத்தது, உள்ளே இன்னும் பெருத்தது. நாலு பேர் தோளோடு தோள் நுழைந்த வாசலில் இப்போது ஒருவர் பக்கவாட்டில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். பாதிரியார் வெளியே நின்றே பூசை செய்தார். சனிக்கிழமை மாலைகளில் இருவரும் முற்றத்தில் நின்று, யார் சுண்ணாம்பு யாருடையதை மறைத்தது என்று சண்டை போடுவார்கள். கோடையில் வெளிநாட்டார் முற்றத்துச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மொழி புரியாததால் அவர்களுக்கு அது மிகவும் ஆழமாகத் தெரிந்தது.

மன்றம் பத்தாவது காட்சியை நிறைவேற்றிய அதே வாரத்தில் மருஸா சண்டையை நிறுத்த முடிவு செய்திருந்தாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. காட்சிப் பொருட்களிடம் அனுமதி கேட்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

காரணம் கடந்த ஜனவரி. இசிதோரோஸுக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி. மருந்து கப்பலில் வரும். அந்த மாதம் காற்று புயலாக, மாலுமிகளின் வேகக் கணக்கில் ஒன்பதாம் எண்ணில் அடித்து, ஒன்பது நாள் கப்பல் வரவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று மருஸாவால் கேட்க முடியவில்லை. கேட்டால் சண்டையில் தோற்றதாக ஆகிவிடும். ஆகவே, விழாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, கொட்டும் மழையில், அவள் போய்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவன் வந்து கத்துவான் என்று நின்றாள். அவன் வரவில்லை. மழை சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போனது. பத்தாம் நாள் கப்பல் வந்தது. பதினோராம் நாள் அவன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவளை 'சூனியக்காரி' என்றான். மருஸா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு நிம்மதியான வசவை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம், ஊர் முழுவதும் ஜன்னலைச் சாத்தித் தூங்கும் மூன்று மணிக்கு, அவள் ஒரு தட்டில் பொரித்த மீனை மூடி எடுத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் நின்றாள். இருபத்தேழு வருடப் பகை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"இனிப்பு எதுவும் கொண்டாரலைல்ல?" என்றார் இசிதோரோஸ்.

"மீனுடா. தின்னு."

"உப்பு தூக்கலா இருக்கும். நீ சமைச்சது."

"இந்த வருசம் நீயே சுண்ணாம்பு அடிச்சுக்கோ. நான் மேல அடிக்கல."

அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஏணியில் ஏற இப்போது தன் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை, நீயே அடி அக்கா, நான் கீழே நின்று குறை சொல்கிறேன் என்றார். இருவரும் சேர்ந்து விழா நடத்துவதென்று முடிவாயிற்று.

மதியத்தில் தூங்காத பிராணிகள் பெத்ரூசாவில் இரண்டு: பல்லியும் வெளிநாட்டாரும். டென்மார்க் தம்பதி ஒன்று, ஒரே தட்டில் சாப்பிடும் அக்காவையும் தம்பியையும் வேலிக்கு வெளியிலிருந்து படம் பிடித்தது. மாலைக்குள் அது உலகம் முழுவதும் போய்விட்டது, புகாரோடு: 'விளம்பரத்தில் சொன்ன பகை இங்கே இல்லை. ஏமாற்றம். ஒரு நட்சத்திரம்.'

தலைவர் பெரிக்லிஸ் அன்றே மருஸாவின் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரிந்தது. பகை என்பது தனிப்பட்ட சொத்தல்ல, அது ஊரின் பொதுச் சொத்து, நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பாரம்பரியம் என்று அவர் விளக்கினார். வரும் சனிக்கிழமை இயக்ககத்திலிருந்து அதிகாரி பட்டியலைச் சரிபார்க்க வருகிறார். ஒன்று குறைந்தாலும் கப்பல் மாதத்துக்கு ஒன்றுதான்.

"சூரியனை மூணாக் காட்டுங்க," என்றாள் மருஸா. "மதியம் ஒண்ணு இருக்கே."

"அதையும் யோசிச்சாச்சு மருஸாக்கா. மேகம் வந்தா மாட்டிக்குவோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தம்பி ஊசி மருந்து எதுல வருதுன்னு நினைக்கிறீங்க? நீங்க அவன்கூட ராசியா இருந்தீங்கன்னா அவன் இருக்க மாட்டான்."

வியாபாரக் குடும்பம் என்பது இதுதான். நாற்பது வார்த்தையில் சொல்ல வேண்டியதை ஒரு தராசில் வைத்துக் காட்டிவிடுவார்கள். தம்பியைக் காப்பாற்ற அவனைத் திட்டியே ஆக வேண்டும் என்று மருஸா புரிந்துகொண்டாள். அன்பின் பொருட்டு விரோதத்தைக் கட்டாயமாக்கிய இந்தத் தொலைநோக்கை எந்த அரசாங்கமும் இதற்கு முன் எட்டியதில்லை.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். திருமதி கிளியோ, கையில் படிவம், காலில் தீவுக்குப் பொருந்தாத செருப்பு. சூரியனின் இரண்டை மட்டும் தலைவரின் வாக்கை நம்பி எழுதிக்கொண்டு, மற்ற காட்சிகளை முறைப்படி பார்த்தார். கப்பல் ஐந்து மணி நேரம் தாமதமானதால் ஒன்பதாம் எண்ணுக்கு வரும்போதே முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. இரண்டு கடற்கரைகளுக்கும் இடையே பாறையைச் சுற்றி நடந்து, வேறுபாடு இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். ஆறு மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவரில் முப்பது வெளிநாட்டார்.

சண்டை ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் சுண்ணாம்பின் மேல் நீ அடித்தாய் என்றாள் மருஸா, ரொட்டி வாங்கப் போனேன் என்கிற மாதிரி. அடித்தேன் என்றார் இசிதோரோஸ். ஏன் அடித்தாய் என்றாள். மன்னிச்சுக்கோ அக்கா என்று அவர் வாய் வரை வந்துவிட்டது, தலைவர் இருமினார். அப்பாவை இழுக்கச் சொல்லித் தலைவர் சாடை காட்டினார். அப்பாவுக்கு யாரை அதிகம் பிடிக்கும் என்று மருஸா கேட்டாள். "உன்னைத்தான்," என்றார் இசிதோரோஸ், உண்மையாகவே. ஒரு வெளிநாட்டார் கொட்டாவி விட்டார். திருமதி கிளியோ தலைவர் பக்கம் குனிந்து, விரோதத்தின் அளவு விதிமுறைக்குக் குறைவாக இருக்கிறது, இதை 'உரையாடல்' என்றுதான் பதிவு செய்ய முடியும், உரையாடலுக்குக் கப்பல் கிடையாது என்றார்.

மருஸா அதைக் கேட்டாள். கேட்டதும் ஒரு காரியம் செய்தாள், அது எந்தத் திட்டத்திலும் இல்லாதது. நேரே நாற்காலிக்கு வந்தாள்.

"இங்க குளிர்காலத்துலயும் நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம் மேடம். அதைப் பத்தாவதா எழுதிக்கக் கூடாதா?"

திருமதி கிளியோ நல்ல மனுஷி. படிவத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். குடியிருப்பவர்களுக்கு அதில் இடம் இருந்தது, 'இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ், குப்பைக்கும் இரைச்சலுக்கும் நடுவில். அதற்கு மதிப்பெண் கழிப்பார்களே தவிரக் கூட்ட மாட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

மருஸா திரும்பியபோது தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. கை நடுங்கியது. அதிகாரி வருகிறார் என்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு துறைமுகத்தில் போய் நின்றவர், கப்பல் தாமதமானதில் சாப்பிடாமலே இருந்துவிட்டார்.

"ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம நின்னியாடா, கழுதை?"

பெத்ரூசாவில் அதற்கு முன் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை. பைக்குள் கையை விட்டு, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த லுக்கூமி மிட்டாயை எடுத்து, மாவுச் சர்க்கரையோடு அவர் வாயில் திணித்தாள். மென்னுடா என்று தோளில் ஒரு அறை. உன் மூளையைச் சுண்ணாம்பு வாளியில் கரைத்துவிட்டாயா, இதற்காகவா இருபத்தேழு வருஷம் உன்னோடு மல்லுக்கட்டினேன், நீ செத்தால் நான் யார் சுவரின் மேல் அடிப்பேன் என்று கேட்டாள். அவர் வாயில் மிட்டாயோடு ஏதோ சொல்ல முயன்றார். பேசாதே என்று இன்னொன்றைத் திணித்தாள். பிறந்த நாள் முதல் அவர் செய்த ஒவ்வொரு முட்டாள்தனமும், தேதியோடு, வரிசையாக வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். மிட்டாய் தீரும் வரை திட்டினாள். அவர் முகத்தில் நிறம் திரும்பிய பிறகும் திட்டினாள்.

முப்பது வெளிநாட்டாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டென்மார்க் தம்பதி தங்கள் ஒரு நட்சத்திரத்தை ஐந்தாக்கியது. திருமதி கிளியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு 'விரோதம்: கலப்படமற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பெத்ரூசா சேருமிடமாயிற்று.

அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. நவம்பர் முதல் வாரந்தோறும் கப்பல் வந்தது. சனிக்கிழமை ஐந்தரைக்கு வந்து, சண்டை முடிந்ததும், ஏழுக்குப் புறப்பட்டது. பார்வையாளர் கப்பல் என்பதால் அதில் சரக்கு ஏற்ற அனுமதியில்லை. சரக்கு என்பது வசிப்பவர்களுக்கு உரியது; வசிப்பிடங்களுக்கான மாதாந்திரக் கப்பலில்தான் அது போகும். அந்தக் கப்பலோ, சேருமிடங்களில் நிற்காது. மருந்துப் பெட்டி எந்த வகையில் வரும் என்று தலைவர் ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும் ஒரே பதில் வந்தது: வாழ்த்துகள்.

மருஸா கடிதம் எழுதவில்லை. தீவில் அப்போது மீதியிருந்த மருந்து பதினெட்டு நாளுக்கு. அடுத்த சனிக்கிழமை சண்டை முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், தம்பியின் மருந்துச் சீட்டை ஒவ்வொரு வெளிநாட்டாரிடமும் காட்டினாள். கையைக் கட்டிக் கெஞ்சவில்லை. அடுத்த வாரம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு, இல்லையென்றால் ஆட்டம் கிடையாது என்று விரலால் விளக்கினாள். மறுவாரம் ஒரு நார்வேக்காரர், பியர் டப்பாக்கள் வைக்கும் குளிர்ப்பெட்டியில், பனிக்கட்டிக்கு நடுவே இரண்டு குப்பிகள் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். இசிதோரோஸ் பிழைத்துக்கொண்டார்.

செய்தி இயக்ககத்துக்குப் போயிற்று. விதிமீறல் என்று தண்டிப்பார்களோ என்று தலைவர் நடுங்கினார். அப்படிப்பட்ட குறுகிய மனம் படைத்தவர்கள் அல்ல அவர்கள். பயணிகள் வெறுமனே பார்ப்பதோடு நிற்காமல் பங்கேற்கவும் செய்யும் ஒரே தீவு என்று பெத்ரூசாவுக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பினார்கள். இப்போது வந்திருக்கும் புதிய கையேட்டில், வழவழப்பான தாளில், சூரிய மறைவுக்கும் ஆக்டோபஸுக்கும் நடுவில், கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள்: 'செய்ய வேண்டியவை, எண் பதினொன்று. தீவுக்காரர் ஒருவரை உயிரோடு வைத்திருங்கள். குளிர்காலத்தில் மட்டும். முன்பதிவு தேவை.'