எதிர்க்கட்சி வக்கீல்

புது அரசு வக்கீல்கள் பட்டியலே இன்னும் வரவில்லை. அதற்குள் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. ‘அரசு வழக்கறிஞர் அண்ணன் கலையரசன் அவர்களே, வருக!’ உபயம், மைத்துனன்.

வக்கீல் கலையரசன் அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு ஓடினார். “லதா, ஒந் தம்பிய அதக் கழட்டச் சொல்லு. மொதல்ல ஆர்டர் வரட்டும்.”

“மாட்டினதக் கழட்டினா, போஸ்ட்டு பூடுச்சின்னு ஊரே சொல்லும். கம்முனு இருங்க,” என்றாள் மனைவி.

நியாயந்தானே! கம்மென்று இருந்தார். பாவம், மனுஷன் ஆசைப்பட்டதே இந்த ஒன்றுக்குத்தான். கட்சி எதிர்க்கட்சியாகக் கிடந்த காலமெல்லாம் மறியல், கறுப்புக்கொடி என்று எவன் உள்ளே போனாலும் ஜாமீன் எடுத்தது இவர்தான். ஃபீஸ் வாங்கியதில்லை. கட்சிக்காரனிடம் போய்க் கேட்கலாமா? “நாம ஆட்சிக்கு வந்தா நீதான்யா கவர்மெண்ட் வக்கீல்” என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். இப்போது கட்சி ஜெயித்தும்விட்டது.

ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு முதலில் ஓடிவந்தவர் மதுராந்தகம் அப்பாசாமி. நிலத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கத்தின்மேல் கேஸ் போட்டவர்.

“நாளிக்கு நீங்களே எனக்கு எதிர்ல நிப்பீங்க. கேஸ் கட்டக் குடுத்துடுங்க சார்.”

மாட்டேன் என்றால் ஃபிளெக்ஸ் பொய்யாகிவிடும். கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அலமாரி காலியாகிவிட்டது. லதா அதில் லட்டு டப்பாக்களை அடுக்கினாள்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. கலையரசன் மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் தாவீது இருந்தார், நேற்றுக் கட்சிக்கு வந்த வக்கீல்.

நேரே மாவட்டச் செயலாளர் வீட்டுக்குப் போய்க் கத்தினார். “எவன் என் பேர அடிச்சது? மேலிடமா?”

“மேல எல்லாம் உன் பேருதான் கலை. கீழேர்ந்துதான்... சொன்னா தாங்கமாட்ட, விடு.”

“அப்ப இந்தத் துண்டு எனக்கு எதுக்கு?” கட்சித் துண்டை எடுத்து வீசினார். அது செயலாளரின் டீ தம்ளரில் போய் விழுந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தார். பதவி இல்லை, கேஸ் இல்லை, துண்டும் இல்லை. ஃபிளெக்ஸ் மட்டும் இருந்தது. லட்டில் எறும்பு வந்திருந்தது.

“விடுங்க, இருக்கறத வெச்சு ஓட்டிக்கலாம்,” என்றாள் லதா. அவ்வளவுதான், சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

“அத்தினி பேருக்காக ஓடினனே லதா. ஒருத்தன்கூட எனக்காகப் போய்ப் பேசலியே!”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் எல்லப்பன், கடப்பாக்கத்துக் கிளைச் செயலாளர். கலையரசன் ஜாமீன் எடுத்தே அலுத்துப்போன ஆள். கூடை நிறைய வஞ்சிரம், முகம் நிறையச் சிரிப்பு. கடைசியாகச் சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“பேசாம இருப்பமா வக்கீலண்ணா? எல்லாக் கிளையும் ஒண்ணா போயி, மாவட்டத்து கால்ல வுயுந்து உம் பேர எடுக்க வெச்சோம். நீ கவர்மெண்டு வக்கீலா பூட்டா, அடுத்த தபா எங்கள வெளிய எடுக்க யாருண்ணா கீறா?”