முந்திச் சிரித்த கூட்டம்

ஹாலுக்குள் தெரிந்தது ஒரே ஒரு தலை. அதுவும் படத்தை எடுத்த குகனுடைய தலை.

கிள்ளான் நகரத் தியேட்டரில் 'மீன் முளைக்கும்' வெளியான நாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. செத்த மீனை மண்ணில் புதைத்து, முளைக்கும் என்று நம்பித் தினமும் தண்ணீர் ஊற்றும் ஒரு சிறுவனின் கதை. சண்டை கிடையாது, குத்துப்பாட்டு கிடையாது, தெரிந்த முகம் மருந்துக்கும் கிடையாது. இருந்த காரையும் விற்றுத்தான் குகன் இதை எடுத்திருந்தான்.

தியேட்டர்களுக்குப் படங்களை விநியோகிக்கும் பழனியப்பன் இன்று மாலைக் காட்சிக்கு நேரில் வருகிறார். கூட்டம் இருந்தால் பிரிக்பீல்ட்ஸ், செராஸ் என்று மற்ற ஊர்களிலும் தியேட்டர் கொடுப்பார். இல்லாவிட்டால் நாளைக்கே படத்தைத் தூக்கிவிடுவார்.

குகன் சித்திக்குப் போன் போட்டான்.

"சித்தி, மானம் போகுது. கோயில் ஆளுங்களைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்களேன்."

"இதுக்குப் போயி அழுவறியா? பஸ்ஸோட வரேன்டா," என்றாள் அமுதவள்ளி. கோயில் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி.

பஸ் வந்தது. பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக இறங்கிய கூட்டம் மளமளவென்று டிக்கெட் எடுத்தது. எடுத்துவிட்டு வாசலிலேயே நின்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தது.

"உள்ள போங்க ஆன்டி!"

"அதான் டிக்கெட் எடுத்தாச்சே தம்பி. உட்கார்ந்து வேற பாக்கணுமா?"

குகன் ஓடிப்போய் எதிர்க்கடையிலிருந்த கறிபாப் பலகாரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்தான். "உள்ள வந்தாதான் கறிபாப்!" என்றான். உள்ளே வந்தார்கள், வாங்கினார்கள், மென்றுகொண்டே வெளியே போனார்கள்.

கடைசியில் அமுதவள்ளி போட்ட ஓர் அதட்டலில்தான் எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். குகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சித்தி, உம்முன்னு இருந்துடாதீங்க. சிரிப்புன்னா நல்லா சிரிங்க, அழுகைன்னா நல்லா அழுவுங்க. அவரு பாக்கணும்."

"நீ கவலைய விடுடா."

பழனியப்பன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படம் தொடங்கியது.

திரையில் சிறுவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஹால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவன் வாயைத் திறந்து வேடிக்கையாக ஏதோ சொன்னபோது எல்லாரும் சிரித்து முடித்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். திரையில் பாட்டிலுக்குள் மீன் இன்னும் சாகாமல் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தது. அதற்குள் முந்தானைகள் கண்ணுக்குப் போய்விட்டன.

"ஐயோ பாவம், பச்சப்புள்ள!" என்று ஒருத்தி விசும்பினாள்.

பழனியப்பன் திரும்பிக் குகனைப் பார்த்தார். குகன் குனிந்தபடியே சித்தியிடம் ஓடினான்.

"கொஞ்சம் லேட்டா சிரிக்கச் சொல்லுங்க சித்தி!"

அது இன்னும் மோசமாகப் போயிற்று. "இப்பவா?" "இரு லா, இன்னும் இல்ல." "இப்பவா அக்கா?" என்று வரிசைக்கு வரிசை விசாரணை நடந்தது.

விளக்கு எரிந்ததும் பழனியப்பன் எழுந்தார்.

"தம்பி, இந்தத் தொழில்லயே தலை நரைச்சவன் நான். கூலிக்கு ஆள் புடிக்கறதைப் பாத்திருக்கேன். ஒத்திகை பாத்துக் கூட்டிட்டு வந்ததை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"பாஸ், சத்தியமா அப்படியில்ல..."

"மீன் உசுரோட நீந்துது, அழுவுறாங்க லா! நாளைக்குப் படத்தைத் தூக்கிடறேன்."

அவர் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. இத்தனை வருஷ உழைப்பு இப்படி நாறிப்போய்விட்டதே என்று குகன் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதுவிட்டான். டிரைவர் அய்யாவு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"என் படம் ஒருத்தருக்கும் புடிக்கலண்ணே. சித்திக்குப் பயந்துதான் உட்கார்ந்தாங்க."

"யாரு தம்பி சொன்னா? சாமி காலடியில வைக்கச் சொல்லி நீங்க குடுத்த உங்க படத்துப் பென்டிரைவை, உங்க சித்தி வெள்ளிக்கிழமை தவறாம கோயில் மண்டபத்துல போட்டுக் காட்டுறாங்க, அவ்ளோ தூரத்துல இருக்கற ஸ்ரீ கெம்பாங்கான்லேர்ந்துகூட வந்து நிக்க இடமில்லாம பாக்குறாங்க லா!"