முட்டைக்கோசுக்கு வந்த காய்ச்சல்

"மார்ச் 11. என் குறிப்பேட்டின் ஆறாம் பக்கத்தில் தவறு. 'காந்தத்துக்குள் போனால் குளிரும், வெளியே வந்தால் சூடாகும்' என்று எழுதியிருக்கிறேன். நேர்மாறாக இருக்க வேண்டும். இதனால் இன்று ஊர் முன்னால் அவமானப்பட்டேன்."

எழுதிவிட்டு லாய் பேனாவைக் கடித்தாள். பகலில் பூத்தோட்ட வேலை, மாலையில் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பு. போன வாரம் ஆசிரியர் ஒரு சாம்பல் நிற உலோகத்தைக் காட்டினார். வலுவான காந்தத்துக்குள் நுழைத்தால் அது சூடேறும். அந்தச் சூடு ஆறியபின் வெளியே இழுத்தால் சில்லிடும். வெயில் ஏறினால் இந்த வித்தை மங்கிவிடும். நாளைய குளிர்பெட்டிகள் இப்படியும் ஓடலாமாம்.

தாலாத் சந்தைக்குப் பின்னால் வைத்தியம் பார்க்கும் கின் சாமியிடம் இதற்கு வேறு பெயர்: பனித்தேவதையின் கல். தினமும் விடியும்போதே நூறு பேர் சீட்டு வாங்கி நிற்பார்கள். சாமி சிவப்புப் பெட்டிக்குள் கைவிட்டு, முக்கி முனகிக் கல்லை இழுப்பார். "வீட்டை விட்டு வர மனசில்ல அதுக்கு!" என்று கூட்டம் உருகும். கல் நெற்றியில் சில்லென்று படும். காய்ச்சலைக் குடிக்கிறதாம். திரும்பப் பெட்டிக்குள் போட்டதும் வெதுவெதுப்பாகும். குடித்த காய்ச்சலின் சூடாம்! ஏழு நாள் வரவேண்டும், அதுவரை மருந்து கூடாது. பத்து மணிக்கு மேல் கல் தூங்கிவிடும். தேவதைக்கும் வெயில் ஆகாது, பாவம்.

அண்ணி தோமின் நாலு வயது மகன் தெப்புக்குக் காய்ச்சல் மூன்று நாளாக. மூன்று நாளும் மருந்தில்லை, கல்தான். கையில் சிவப்புப் புள்ளிகள் வேறு.

மறுநாள் காலை வரிசையில் லாய் கெஞ்சினாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் அண்ணி."

"நேத்து பெட்டிக்குள்ள கல்லு குளிரும்னு கத்துன. தொட்டா சூடா இருந்துச்சு. ஊரே சிரிச்சுது. பேசாம நில்லு."

லாய் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டையோடு அண்ணிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாது சாமி. மூடினபடியே வையுங்க."

சாமி போர்வைக்குள் கல்லை நுழைத்தார். கண்ணை மூடினார். "அடேயப்பா! எலும்புக் காய்ச்சல்!" கல்லைப் பெட்டிக்குள் போட்டார். "தொட்டுப் பாருங்க, எவ்வளவு குடிச்சிருக்கு!"

முன்வரிசைக்காரர் தொட்டார். "ஆமா, சுடுது சாமி!"

லாய் போர்வையை விலக்கினாள். உள்ளே முட்டைக்கோசு.

"இதுக்கு எத்தனை நாளு வரணும் சாமி?"

சோயாப்பால் விற்ற அம்மாள்தான் முதலில் சிரித்தாள். லாய் அவளிடம் இரும்புக் கரண்டியை வாங்கிப் பெட்டியருகே நீட்டினாள். அது கையை விட்டுப் பாய்ந்து பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

"உள்ள காந்தம் இருக்கு. நுழைஞ்சா சூடு, வந்தா குளிரு. கோசும் ஒண்ணுதான், கொழந்தையும் ஒண்ணுதான் அதுக்கு."

"தேவதை கோபிக்கும்!" என்றார் சாமி.

"மொதல்ல என் கரண்டியக் குடுக்கச் சொல்லுய்யா அவள!" என்றாள் சோயாப்பால் அம்மாள்.

தோம் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டெங்கு. "இன்னும் நாலு நாள் கல்லை நம்பியிருந்தா?" என்று மட்டும் கேட்டார் மருத்துவர். மாலையில் தெப் கஞ்சி கேட்டான்.

குறிப்பேட்டில் லாய் எழுதினாள்: "மார்ச் 12. ஒரு கோசு போதுமாக இருந்தது. நூறு தலைகள் வரிசையில் நின்றும் ஒன்றுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் நேற்றுத் தோன்றவில்லை. நாளை: காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு மாற்றாகப் போய் உட்கார வேண்டும். ஆறாம் பக்கத்தைத் திருத்த வேண்டும்."