ஒல்லாந்துக்குப் பெண் கொடுத்த விபரம்

பல்லேபொல.

அன்பின் மச்சான் அக்ரம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை றம்லாவும் மகள் ஜெஸ்லாவும் சுகம். தம்புள்ளையிலிருந்து நீங்கள் அனுப்பிய மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளியை அதே லொறியில் நான் திருப்பி அனுப்பியதால் உங்கள் மனம் சுகமாக இராது. மன்னிக்கவும், காரணம் சொல்கிறேன்.

ஜெஸ்லாவைப் பேசி வந்த றிகாஸ் நல்ல பிள்ளை, மாத்தளை டவுன், கிரேன் திருத்தும் இஞ்சினியர் என்றார்கள், சரியென்று பகல் சாப்பாட்டுக்கு அழைத்தேன், அழைத்த பிறகுதான் வேலை ஒல்லாந்தில், ரொட்டர்டாம் துறைமுகத்தில், மகளையும் கூட்டிப்போவார் என்று தெரியவந்தது. முப்பத்தொரு வருஷம் வரலாறு படிப்பித்தவன் நான். நம் கறுவாப் பட்டையை அள்ளிக் கப்பலேற்றிப் பெரிய வல்லரசானவனுக்கு மகளையும் ஏற்றி விடுவதா? சொன்ன விருந்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே, வெள்ளைக்காரன் கடல் தாண்டிக் கொண்டுவந்த எதுவும் சாப்பாட்டில் இருக்கக் கூடாது, மிளகாய் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, அன்னாசியும் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

றம்லா அகப்பையோடு வந்தாள். "கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கீசன்ட சொல்லுன்டு நீங்கதானே படிச்சுக் குடுத்த? வாறவங்கள எதுல இருத்துற? குசினியும் அவன்ட சொல்லுதான். நான் முத்தத்துல நின்டா சமைக்கிற?"

பாய் விரித்தோம். மாப்பிள்ளையின் உம்மா ஸுபைதாவுக்கு முழங்கால் மடங்காது, மூன்று பேர் பிடித்து இருத்தினோம். மிளகை மட்டும் நம்பி ஆக்கிய இறைச்சியில் அவர் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, நானோ அதைக் கவனியாமல், கப்பல் விட்டவன் எப்படி ராச்சியம் பிடித்தான், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது என்று முக்கால் மணித்தியாலம் பேசிவிட்டேன்.

றிகாஸ் மெதுவாகச் சொன்னார்: "மாமா, நான் நாடு புடிக்கப் போகல்ல. அவங்கட கிரேன் ஒடஞ்சா திருத்தத்தான் போற."

அப்போது ஜெஸ்லா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "வாப்பா, நாங்களும் கப்பல்லதானே வந்த? கரையில போர்த்துக்கீசன் வெரட்டினதுக்குத்தானே எங்கட ஆக்கள் மலை ஏறின? கண்டி ராசா எடம் குடுத்தார். மிளகு நட்டாங்க, கடை போட்டாங்க, நீங்க படிச்சுக் குடுக்கிற சேர் ஆகின. எனக்கு மட்டும் போற எடத்துல வேர் புடிக்காதா?"

மச்சான், என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. செம்பை வாங்கித் தண்ணீர் குடித்து, மிளகுக் காரம் என்று சமாளித்தேன். ஸுபைதா, "அப்ப பொருத்தம்தானே? என்ன எழுப்பி விடுங்க" என்றார். சம்மதம் என்று பொருந்திக்கொண்டேன்.

நிக்காஹ் அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ். நீங்கள் குடும்பத்தோடு முன்கூட்டியே வந்து நின்று நடத்தித் தர வேண்டும். மகளை அனுப்பிவிட்டு நானும் றம்லாவும் இங்கேயே நிம்மதியாக இருப்போம். கடல் தாண்டும் எண்ணம் எங்களுக்கு அறவே இல்லை. அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் பலீல்

பி.கு.: எனக்கும் றம்லாவுக்கும் விசாப் படிவம் எடுத்தாயிற்று. அதில் 'வருகையின் நோக்கம்' என்று ஓர் இடம் இருக்கிறது, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஒல்லாந்தர் இங்கே வந்தபோது அப்படியொரு படிவம் நிரப்பியதாக நான் எந்த வகுப்பிலும் படிப்பிக்கவில்லை.