மஞ்சள் குடைக்குப் பின்னால்

மூன்றாவது எலுமிச்சை மிட்டாயையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்ட பிறகு, ‘நான் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவனே இல்லை’ என்று எப்படிச் சொல்வது? எட்வினுக்குத் தெரியவில்லை.

முதல் மிட்டாயின்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவன் போர்த்வென்னா துறைமுகச் சுவரோரம் மழையில் நின்று, கடை திறக்கப் பத்து நிமிடம் இருக்கிறதே என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மஞ்சள் குடை அவனைத் தாண்டிப் போனது. பின்னாலேயே வந்த ஓர் அம்மாள் அவன் கையில் மிட்டாயைத் திணித்து, “வாங்க தம்பி, வாங்க, நின்னா விட்டுட்டுப் போயிடுவாங்க” என்றாள். அவனும் நடந்துவிட்டான்.

இப்போது ஊர் கீழே தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

“புதுசா?” என்றாள் அந்த அம்மாள். பெயர் மார்ஜரி. லீட்ஸிலிருந்து கணவர் கிளைவுடன் விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

“ஆமாங்க, கொஞ்சம் புதுசுதான்.”

“நாங்களும் இன்னிக்குத்தான். புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு, வழிகாட்டியோட கடலோர நடைன்னு தபால் ஆபீஸ் பலகையில போட்டிருந்துச்சு. இந்த மழையில எங்க வரப்போறாங்கன்னாரு இவரு. நான்தான் இழுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா மனுஷன் குடையோட ரெடி!”

“மலைக்காத்துல குடை பிடிக்கிறவன் ஒண்ணு வழிகாட்டியா இருக்கணும், இல்ல பைத்தியமா இருக்கணும்” என்றார் கிளைவ்.

“நீ வாய மூடிட்டு நட.”

அவர்களுக்குப் பின்னால் சிவப்பு மழைக்கோட்டில் இரண்டு சகோதரிகள். அதற்கும் பின்னால் ஒரு நெட்டை ஆசாமி. ஆக எட்வினோடு ஆறு பேர். எல்லோருக்கும் முன்னால் மஞ்சள் குடையும் அதன் கீழே ஒல்லியான ஒரு மனிதரும். அவர் வாயே திறக்கவில்லை. அவ்வப்போது திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு நடையை எட்டிப் போடுவார்.

“தலைய எண்றாரு” என்றாள் மார்ஜரி. “பொறுப்பான ஆளு.”

எட்வின் வந்த வேலை வேறு. மாமியார் வெளியூர் போயிருந்ததால் அவனும் மனைவி ஹேசலும் அவர் வீட்டில் தங்கி விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பாத்திரம் கழுவும்போது மாமியாரின் பால் ஜாடி அவன் கையிலிருந்து நழுவியது. நீலக் கோடு போட்ட ஜாடி. மாமியாரின் கல்யாணத்துக்கு வந்த பரிசு. ‘என் மகளுக்கு இவன் ஏத்தவன்தானா’ என்று இன்னும் முடிவு செய்யாமல் இருக்கும் பெண்மணி அவர். நாலு மணிக்குத் தேநீருக்கு வந்துவிடுவார். அதே மாதிரி ஜாடி ஒன்றை முந்தின நாள் மாலை, கடைத்தெருவைச் சுற்றியபோது, ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருந்தார்கள். கடை பூட்டியிருந்தது. புதன்கிழமை பத்திலிருந்து ஒன்று வரை என்று கதவில் எழுதியிருந்தது. வியாழன் விடுமுறை.

“ஜாடி இல்லாம வந்தே, அம்மாகிட்ட நீயே பேசிக்கோ” என்று சொல்லித்தான் ஹேசல் அனுப்பியிருந்தாள்.

மணி பத்தே முக்கால்.

நழுவிவிடலாம் என்று எட்வின் குனிந்து முழங்காலைப் பிடித்தான். “எனக்கு முட்டி வலிக்குது. நான் மெதுவா திரும்பிடறேன். நீங்க போங்க.”

மார்ஜரி அப்படியே நின்றாள். “கிளைவ்! அந்தப் பட்டைய எடு!”

கிளைவின் பையிலிருந்து முழங்கால் பட்டை வந்தது. சகோதரிகளில் ஒருத்தி கால்சட்டைக்கு மேலேயே அதை இறுக்கிக் கட்டினாள். நெட்டை ஆசாமி தன் கைத்தடியைக் கொடுத்தார். “தனியா விட்டுட்டுப் போக நாங்க என்ன மிருகமா?” என்றாள் மார்ஜரி. எல்லோரும் அவன் வேகத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அவன் நொண்ட வேண்டியதாயிற்று. அரை மைலுக்குப் பிறகு எந்தக் கால் என்பது மறந்துபோய், கட்டியிருந்த பட்டையைப் பார்த்து மாற்றிக்கொண்டான்.

முன்னால் போனவர் பாதையை விட்டு, வேலி மேல் ஏறி இறங்கும் மரப்படியைத் தாண்டி, மாட்டு மேய்ச்சலுக்குள் இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். அவர் சேற்றுப் பள்ளத்தில் கால் வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். அவர் காலணிக் கயிறு கட்டுவதுபோல் குனிந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து பேரும் சுற்றி நின்று பயபக்தியோடு பார்த்தார்கள். எட்வின் ஒற்றைக் காலில் நின்றான்.

“இங்க ஏதோ விசேஷம் இருக்கு” என்று மார்ஜரி கிசுகிசுத்தாள். “அவரா சொல்லமாட்டாரு. நாமளா உணரணும்.”

“எனக்குச் சாக்ஸ் நனஞ்சது மட்டும்தான் உணர்வுல இருக்கு” என்றார் கிளைவ்.

எட்வினுக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் எங்கே போகிறார்? ஏன் எதுவும் விளக்கவில்லை? ஒரு கணம் ஜாடியையே மறந்துவிட்டு, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு தவளை இருந்தது.

பதினொன்றரை. அடுத்த உபாயம்: “வீட்டுக்கு அவசரமா ஒரு போன் பண்ணணும். இங்க சிக்னல் இல்ல. நான் ஊருக்கு...”

“ஊருக்கு எதுக்கு? அந்த மலைமுனை மேல ஏறினா கிடைக்கும்” என்றார் நெட்டை ஆசாமி. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“தம்பிக்காக எல்லாரும் ஏறுவோம்! சார், மேல!” என்று மார்ஜரி கூவினாள். குடைக்காரர் முனையை அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஏறினார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மரியாதைக்காக ஆறு பேரும் பத்தடி தள்ளி நின்று, முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஜாடி வாங்கிட்டியா?” என்றாள் ஹேசல்.

“நான் மலை மேல இருக்கேன்.”

“எந்த மலை? கடை கடைத்தெருவுல இருக்கு!”

“ஒரு கூட்டத்தோட வந்துட்டேன்.”

“யாரோட?”

“தெரியல.”

“எட்வின். அவங்ககிட்ட ‘நான் கிளம்பறேன்’னு சொல்லிட்டுக் கீழ இறங்கு. ரெண்டு வார்த்தை.”

“முட்டிக்குப் பட்டை கட்டி விட்டுட்டாங்க, ஹேசல்.”

“உன்னைப் பத்தி அம்மா சொல்றது சரிதான்” என்று போனை வைத்துவிட்டாள்.

அது உறைத்தது. நொண்டிக்கொண்டே நேராகக் குடைக்காரரிடம் போனான். “சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உண்மையில...”

குடைக்காரர் சட்டென்று திரும்பினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “கிளம்பறீங்களா? எல்லாருமா?”

அந்தக் கேள்வியை எட்வின் மனவருத்தம் என்று எடுத்துக்கொண்டான். நல்ல மனிதர். மழையில் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறார். “சேச்சே, இல்ல சார். ரொம்ப நல்லா இருக்கு.”

வெளிச்சம் அணைந்தது. “அது... கடல்” என்றார் அவர், கையை நீட்டி.

“கேட்டீங்களா?” என்று மார்ஜரி கிளைவை இடித்தாள். “எவ்வளவு அழகா சொல்றாரு!”

பன்னிரண்டே காலுக்கு எட்வின் உடைந்தான். மார்ஜரியிடம் ஜாடி, மாமியார், ஒரு மணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கூட்டத்தில் இல்லாதவன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருந்தது.

“அட லூசுத் தம்பி, இத முதல்லயே சொல்றதுக்கு என்ன? எனக்கும் அப்படி ஒரு மாமியார் இருந்தா. நாம எல்லாரும் போவோம்! சார், ஊருக்கு! ஓட்டமா!”

குடைக்காரர் இந்தத் தடவை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சரிவில் முயல் மாதிரி இறங்கினார். எட்வின் நொண்டுவதை மறந்து அவருக்கு இணையாக ஓடினான். “பட்டை வேலை செய்யுது பாத்தியா!” என்று பின்னாலிருந்து கிளைவ் பெருமையாகக் கத்தினார்.

ஒன்றுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கடைத்தெருவுக்குள் புகுந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கோட்டு ஜாடி அப்படியே இருந்தது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருட்டு. காலையில் போட்ட பால் பாட்டில் வாசலில் அப்படியே நின்றது.

“காலையிலேர்ந்து தொறக்கவே இல்ல!” என்றார் கிளைவ். “இந்த ஊர்க் கடைக்காரனுங்களே இப்படித்தான். போர்டுல ஒண்ணு எழுதுவான், செய்யறது ஒண்ணு.”

“எங்கயாவது கால நீட்டி உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பான், சோம்பேறி” என்றாள் மார்ஜரி. “நம்ம தம்பி குடும்பமே ஆடிட்டிருக்கு, அவனுக்கென்ன?”

இருந்தாலும், பூட்டிய கதவுக்கு முன்னால் அவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். எட்வின் முதலில். நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றான். இன்னும் மூன்று மணி நேரத்தில் தேநீர். அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஜாடியின் கதை. மாதா கோவில் மணி ஒரு தடவை அடித்தது.

“மன்னிக்கணும்” என்று பின்னால் மெல்லிய குரல். “மன்னிக்கணும்... கொஞ்சம் வழி விடறீங்களா?”

குடைக்காரர் வரிசை ஓரமாக நெளிந்து நெளிந்து முன்னால் வந்தார். காது மடல் வரை சிவந்திருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கி, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய சாவியை எடுத்து, பூட்டில் நுழைத்துத் திருகினார். கதவு திறந்தது. ஆறு பேரும் வாய் திறந்து நின்றார்கள்.

“கடை தொறக்க முன்னாடி ரெண்டு நிமிஷம் கடலப் பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்” என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். “திரும்பினா பின்னாடி ஆறு பேரு வந்துட்டிருக்கீங்க, நின்னா மரியாதையா இருக்காதேன்னு நடந்துட்டே இருந்துட்டேன்.”